லேப் டைம் கேட்காதீர்கள்

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டிவிட்டு வந்தேன் என்று சொன்னால் போதும், எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை நிமிஷம்?" ஊரில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் கேட்கிறார், டயர் மாற்றிக் கொடுத்தவர்கூடக் கேட்டார். நான் நேரம் பார்த்ததே இல்லை. பொதுமக்கள் ஓட்டும் வேளைகளில் லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், எடுப்பதற்கு அங்கே தடை இருக்கிறது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, ஏதோ மெதுவாக உருட்டிவிட்டு வந்து சமாளிக்கிறான் என்று சிரிக்கிறார்கள். மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

ரேஸ் ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒரு டீம் இருக்கிறது, ஸ்பான்சர் இருக்கிறார், கார் நொறுங்கினால் அள்ளிப்போட்டுக்கொண்டு போக லாரி இருக்கிறது. எனக்கு இருப்பது செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு டொயோட்டா ஜிடி86, அதன்மேல் இன்னும் அடையாத கடன், திங்கட்கிழமை காலையில் ஒரு மீட்டிங். எந்தக் காரில் டிராக்குக்குப் போகிறேனோ அதே காரில்தான் வீடு திரும்ப வேண்டும், அதே காரில்தான் மறுநாள் இந்தியக் கடைக்குப் போய் அரிசி மூட்டையைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வர வேண்டும் (அந்தப் பின்சீட்டு அதற்குத்தான் லாயக்கு, மனிதர்கள் உட்கார முடியாது). எங்கே பிரேக் பிடிப்பது, யாருக்கு வழிவிடுவது, எப்போது போதும் என்று நிறுத்திக்கொள்வது எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகிறது. சொந்தக் காரை டிராக்கில் ஓட்டுவது ரேஸின் சின்ன வடிவம் என்று நினைப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். ஓட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மனியின் மேற்கே ஐஃபல் மலைப்பகுதியில் இருக்கிறது நூர்பர்க்ரிங், நான் இருக்கும் கொலோனிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். அங்கே இரண்டு டிராக்குகள். 1984இல் திறந்த புதியது ஒன்று, அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மற்றது 1927இல் திறந்த நார்ட்ஷ்லைஃபே, அதாவது வடக்கு வளையம். 20.8 கிலோமீட்டர், அதிகாரபூர்வக் கணக்கில் 73 வளைவுகள், மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் வித்தியாசம். நம் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர்தான், அப்படி ஐந்தரை டிராக்குகளை அறுத்து ஒட்டி மலைக்காட்டுக்குள் விட்டது மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வெயில் அடிக்கும்போது மறுபக்கம் மழை பெய்யும், இது சும்மா சொல்கிற கதை இல்லை, வைப்பரைப் போட்டுக்கொண்டு ஒரு வளைவுக்குள் நுழைந்து கூலிங்கிளாஸ் தேடிக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன்.

பந்தயமோ கார் கம்பெனிகளின் சோதனையோ இல்லாத வேளைகளில், வாரநாள் என்றால் பெரும்பாலும் மாலையில், வார இறுதியில் பகல் முழுக்க, இந்த வளையத்தைக் கட்டணச் சாலையாகத் திறந்துவிடுகிறார்கள். நான் கடைசியாகப் போனபோது திங்கள் முதல் வியாழன்வரை ஒரு சுற்று 30 யூரோ, வெள்ளி முதல் ஞாயிறுவரை 35. லைசென்ஸ் வேண்டும், முறையாகப் பதிவு செய்த வண்டி வேண்டும், ஒரு கார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஹெல்மெட் கட்டாயமில்லை. தனிப் பயிற்சி, பரீட்சை எதுவும் கிடையாது. கார்டை மெஷினில் காட்டினால் தடுப்புக் கட்டை மேலே போகிறது, உள்ளே விட்டுவிடுகிறார்கள். முதல்முறை அந்தக் கட்டை உயர்ந்தபோது, இவ்வளவு சுலபமாக விடலாமா என்று உண்மையாகவே எனக்குக் கோபம் வந்தது.

சட்டப்படி அது ஒருவழிப் பொதுச்சாலை. ஜெர்மனியின் சாதாரண சாலைவிதிகள் அங்கேயும் செல்லும், இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும், நிற்கக் கூடாது, ரேஸ் டயர் போட்டுக்கொண்டு வரக் கூடாது. பிரேக் பேடை மாற்றினாலும் சாலைக்கான அங்கீகாரம் உள்ள பேடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் அனுமதியே கேள்விக்குறியாகும். ஜெர்மனியில் டூவ் என்ற வாகனத் தகுதிச் சோதனைக்குக் காரைக் கொண்டுபோய் நின்றவர்களுக்கு இதன் வலி தெரியும். நீங்கள் ஆசையாக மாட்டிய ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் அந்த மனிதர் காகிதம் கேட்பார்.

இன்சூரன்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடியோக்களில் யாரும் இதைச் சொல்வதில்லை. கட்டாயமாக எடுக்கிற மூன்றாம் நபர் காப்பீடு, பொதுச்சாலை என்ற காரணத்தால் இங்கே பொதுவாக நிற்கும். உங்கள் சொந்தக் காருக்கான காப்பீடுதான் பிரச்சினை. பல பாலிசிகளில் ரேஸ் டிராக்குகள் விலக்கு என்று ஒரு வரி இருக்கும், சிலவற்றில் நூர்பர்க்ரிங்கின் பெயரையே போட்டு விலக்கியிருப்பார்கள். அப்புறம் டிராக்கின் பில் தனி. ஓரத்தில் இருக்கும் இரும்புத் தடுப்பை வளைத்தால் எத்தனை துண்டு, எத்தனை தூண் என்று எண்ணிக் காசு கேட்பார்கள், இழுவை வண்டிக்குக் காசு, எண்ணெய் கொட்டினால் துடைக்கக் காசு. கடைசியில் ஆயிரக்கணக்கான யூரோ வந்து நிற்கும். புதிய டிராக்குகளில் வளைவுக்கு வெளியே ஜல்லிப் படுகையும் அகலமான தார்ப்பரப்பும் விட்டிருப்பார்கள். இங்கே பல இடங்களில் தார், அதற்கப்புறம் ஒரு கீற்றுப் புல், அதற்கப்புறம் இரும்பு. யாரோ தெரியாதவருடைய வெள்ளை ஹாட்ச்பேக் ஒன்று அந்த இரும்பில் மூக்கு சப்பி நிற்க, அதன் சொந்தக்காரர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றதைக் கடந்து போயிருக்கிறேன். அவர் கூப்பிட்டது மனைவியையா இன்சூரன்ஸையா தெரியாது, எதுவானாலும் அந்தப் போன் எனக்கு வேண்டாம்.

என் காரைப் பற்றி. ஜிடி86 கம்பெனியிலிருந்து வந்தபோது 200 குதிரைத்திறன், எடை 1,250 கிலோ அளவில், பின்சக்கர டிரைவ், மேனுவல் கியர். டொயோட்டா இதை ப்ரியஸ் காருக்குப் போடுகிற ரகத்து ஒல்லி டயர்களோடு விற்றது, வேண்டுமென்றேதான் செய்தார்கள், பிடிப்பு குறைவாக இருந்தால் கார் என்ன செய்கிறது என்பது குறைந்த வேகத்திலேயே ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும் என்று. எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு. ஐந்நூறு குதிரைத்திறன் காரில் நீங்கள் தப்பு செய்கிறீர்கள் என்று தெரியவரும்போது வேகமானி 200ஐத் தாண்டியிருக்கும். இந்தக் காரில் 90இலேயே பின்பக்கம் லேசாக அசைந்து சொல்லிவிடுகிறது. குறை இல்லாமல் இல்லை. நாலாயிரம் ஆர்பிஎம் பக்கத்தில் இன்ஜின் ஒரு தடவை மூச்சு வாங்கும், மேட்டில் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிறவன் பம்பரை முகர்ந்துகொண்டு வருவான்.

ஆனால் சாதாரணக் காரை டிராக்குக்குக் கொண்டுபோகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இன்ஜினைப் பற்றி அல்ல, பிரேக்கைப் பற்றி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து 1,350 கிலோ வரும் காரை 180இலிருந்து 80க்கு ஒரே அழுத்தில் கொண்டுவந்தால் வெளியேறும் சக்தி கிட்டத்தட்ட 13.5 லட்சம் ஜூல். அந்தச் சூட்டில் நாலு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு கல்யாண வீட்டு வராந்தாவுக்கே டீ போடலாம். அவ்வளவும் டிஸ்க் என்கிற நாலு இரும்புத் தட்டுகளுக்குள் சில விநாடிகளில் இறங்குகிறது, அடுத்த வளைவில் மறுபடியும். டிஸ்க் தாங்கிவிடும், பேடும் ஓரளவு தாங்கும், சத்தமில்லாமல் கைவிடுவது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறிய ஆயிலுக்கு 155 இருந்தாலே தரத்தில் பாஸ். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவருக்கு ஆயுளில் ஒருமுறைகூடத் தெரியவராத விஷயம் இது. அதனால்தான் ஒவ்வொரு சீசனும் தொடங்குமுன் கொதிநிலை அதிகமான ஆயிலாக மாற்றிவிடுகிறேன், இருநூறு யூரோகூட ஆகாத வேலை. எக்சாஸ்டுக்கு ஆயிரம் செலவழித்துவிட்டு மூன்று வருஷப் பழைய ஆயிலோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

போன கோடையில் சென்னையிலிருந்து மச்சினன் வந்திருந்தான். மாமா ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுகிறார் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி போர்ஷே 991 பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த விஷயத்தில் அபிப்பிராயம் உண்டு. பார்க்கிங்கில் நின்று அவன் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன் (ஓடி ஓடிச் சூடேறியதும் அழுத்தம் தானாக ஏறும்), டார்க் ரெஞ்சை எடுத்து வீல் நட்டுகளைச் சரிபார்த்தேன், டேஷ்போர்டில் இருந்த சில்லறை, பிள்ளையார், பார்க்கிங் அட்டை எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டேன். "பிள்ளையாரையுமா மாமா?" என்றான். பிள்ளையாரும் வளைவில் பறப்பார்.

முதல் சில கிலோமீட்டர் ஹாட்ஸன்பாஹ் என்ற நெளிவுசுளிவு. இடம், வலம், இடம், வலம் என்று காட்டுக்குள் போகிறது, இன்ஜின் ஆயிலும் டயரும் இன்னும் சூடாகாததால் நான் அங்கே வேகம் எடுப்பதே இல்லை. மச்சினன் பொறுமையாக இருந்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான், "மாமா, இதான் ஸ்பீடா, இல்ல இனிமேதானா?" பதில் சொல்ல நேரமில்லை, பின்னால் ஒரு பச்சை போர்ஷே வந்துவிட்டது, வலது இண்டிகேட்டரைப் போட்டு ஒதுங்கினேன், அவர் போகும்போது எங்கள் கார் லேசாக ஆடியது. ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் கார் இலேசாகி ஸ்டியரிங் ஒரு கணம் வெறுமையாகும். அதைத் தாண்டி ஷ்வேடன்க்ராய்ட்ஸ், வேகமான இடது வளைவு, அதன் முடிவில் ஆரம்பர்க் வளைவுக்கு நல்ல அழுத்தமான பிரேக். மேலே சொன்ன நாலு லிட்டர் டீத்தண்ணீர் இங்கேதான் கொதிக்கிறது. அங்கே பெடலை மிதிக்கும்போது காலுக்குக் கீழே அது கல் மாதிரி இருக்கிறதா, கொஞ்சம் உள்ளே போகிறதா என்பதை வைத்துத்தான் மிச்சச் சுற்றை எப்படி ஓட்டுவது என்று நான் முடிவு செய்கிறேன்.

அதற்கப்புறம் ஃபுக்ஸ்ரோர. மரங்களுக்கு நடுவே நேராகக் கீழே விழும் சாலை, அதிலும் லேசான நெளிவுகள், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே இறங்கலாம், அடியில் ஒரு பள்ளம், உடனே மேடு. கிரான் டூரிஸ்மோ வீடியோ கேமில் இந்த டிராக்கை எத்தனை வருஷம் விளையாடியிருந்தாலும் அந்தப் பள்ளம் உங்களுக்குத் தெரியாது. சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கும், தலை தோளுக்குள் இறங்கும், வயிறு சீட்டோடு ஒட்டும், உடனே மேட்டில் இடதுபக்கம் திரும்பிக்கொண்டே வேகத்தையும் குறைக்க வேண்டும். மேட்டைத் தாண்டினால் அடெனாவர் ஃபோர்ஸ்ட், எங்கே திரும்புகிறது என்று கண்ணுக்குத் தெரியாத இடம், தெரியும்போது பாதிப்பேர் புல்லில் இருப்பார்கள், அதற்கென்றே காமிராவோடு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மச்சினன் அந்தப் பள்ளத்துக்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வலது கையால் கதவுப் பிடியைப் பிடித்திருந்தான், இடது கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் விரிந்து கிடந்தது.

பிரைட்ஷைட் பாலத்தில் தாழ்ந்த இடம் முடிந்து ஏற்றம் தொடங்குகிறது. பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால்தான் 1976 ஆகஸ்ட் 1 அன்று ஃபார்முலா 1 ஓட்டுநர் நிக்கி லௌடாவின் ஃபெராரி தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. பின்னால் வந்த சக ஓட்டுநர்கள் நிறுத்தி அவரை இழுத்துப்போட்டார்கள், ஆறு வாரத்தில் கட்டோடு மோன்ஸாவில் வந்து ஓட்டினார். நார்ட்ஷ்லைஃபேயில் நடந்த கடைசி ஃபார்முலா 1 பந்தயம் அது. எட்டு வருஷம் முன்னால், 1968இல், மழையும் மூடுபனியுமாக இருந்த நாளில் ஜாக்கி ஸ்டுவர்ட் அங்கே நாலு நிமிஷத்துக்கு மேல் முன்னிலையில் ஜெயித்தார், இந்த டிராக்குக்குப் பச்சை நரகம் என்ற பெயர் அவர் வைத்ததுதான். இவ்வளவு பேரும் தங்களுடையதல்லாத காரில் ஓட்டியவர்கள் என்று அந்த ஏற்றத்தில் எனக்கு அடிக்கடி தோன்றும், அந்த ஏற்றத்தில் என் காருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது.

கருசெல் என்பது கான்கிரீட் போட்ட, சாய்ந்த வாய்க்கால். காரை அதற்குள் இறக்கினால் பற்கள் அடித்துக்கொள்ளும் அளவுக்குக் குலுங்கும், சாய்வு டயரைப் பிடித்துக்கொள்ளும், ஏறி வெளியே வரும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் கெட்டது. அந்தக் கால ஃபார்முலா 1 ஓட்டுநர் ஃபாஞ்சியோ 1957இல் இதே டிராக்கில், 46 வயதில், டயர் மாற்ற நின்று பின்தங்கிய பிறகு சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்துக்கொண்டு வந்து இரண்டு ஃபெராரிகளையும் பிடித்து ஜெயித்தார். அவருடைய கடைசி வெற்றி. எனக்கும் அந்த வயது நெருங்குகிறது, அதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

கருசெலுக்கு மேலே ஹோஹே ஆஹ்ட் பக்கத்தில் கண்ணாடியில் ஒரு பழைய ஓப்பல் ஆஸ்ட்ரா தெரிந்தது. டீசல் எஸ்டேட், கூரையில் சைக்கிள் கம்பிகள். வளைவுக்கு வளைவு நெருங்கிக்கொண்டே வந்தது. என் காரைவிட சக்தி குறைவு என்பது நேரான இடங்களில் தெரிந்தது, ஆனால் அவர் பிரேக்கைத் தொடுவதே இல்லையோ என்று சந்தேகம் வந்தது. வழிவிட்டேன். கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு இரண்டு வளைவில் காணாமல் போனார். "டீசல் வண்டி மாமா அது" என்றான் மச்சினன், அந்தச் சுற்றில் அவன் பேசிய இரண்டாவது வாக்கியம். அந்த ஊர்க்காரர்களுக்கு வழி மனப்பாடம். ரேஸ் ஓட்டுநர் ஸாபினெ ஷ்மிட்ஸின் பெற்றோர் அங்கேதான் ஹோட்டல் நடத்தினார்கள், அவர் 1996இலும் 1997இலும் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார், டிவிக்காக ஒரு ஃபோர்ட் டிரான்சிட் டெலிவரி வேனைப் பத்து நிமிஷத்தை ஒட்டி, 10:08க்கு ஓட்டிக்காட்டினார். 2021இல் அவர் இறந்தபின் ஒரு வளைவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சாதனைக் கணக்கு வேண்டுமென்றால் 1983இல் ஸ்டெஃபான் பெல்லோஃப் போர்ஷே 956இல் எடுத்த 6 நிமிஷம் 11 விநாடி 35 வருஷம் நின்றது, 2018இல் டிமோ பெர்ன்ஹார்ட் அதை 5:19க்குக் கொண்டுவந்தார். டெலிவரி வேனின் நேரம்தான் என் மனதில் இன்னும் உறுத்துகிறது.

சுற்று முடியும் இடத்தில் டோட்டிங்கர் ஹோஹே என்ற நீண்ட நேர்ச்சாலை. பலர் அங்கே கடைசிச் சொட்டுவரை மிதிக்கிறார்கள். நான் அந்த இடத்தை பிரேக்கை ஆற்றுவதற்கு வைத்திருக்கிறேன், டாப் கியரில் மிதமாக விட்டால் காற்று பட்டு டிஸ்க் தணியும். பார்க்கிங்கில் நின்றபின் ஹாண்ட்பிரேக் போடுவதில்லை, கொதிக்கிற டிஸ்கில் பேடை இறுக்கி வைப்பது நல்லதல்ல, கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வரும், எக்சாஸ்ட் டிக் டிக் என்று சுருங்கும், மெதுவாக ஓட்டினாலும் இது வரும். அரைமணி நேரம் கழித்துத்தான் அடுத்த சுற்று, அதற்குள் எங்காவது விபத்து நடந்து டிராக்கை மூடிவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. மாலைக்கு மூன்று நாலு சுற்று, அதற்குமேல் போனால் கவனம் மங்குகிறது, முதல் இரண்டில் தெரிந்த பிரேக் புள்ளி நாலாவதில் கொஞ்சம் தள்ளிப்போகிறது, தள்ளிப்போனது தெரியாமலே.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் யாராவது சொந்தக் காரோடு டிராக்கில் இறங்க நினைத்தால் நான் நூர்பர்க்ரிங்கைச் சொல்ல மாட்டேன். இருங்காட்டுக்கோட்டையோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயோ கற்றுக்கொள்ள எத்தனையோ மேல், ஏனென்றால் சின்ன டிராக்கில் அதே வளைவு இரண்டு நிமிஷத்தில் மறுபடி வரும், போன தடவை எங்கே பிரேக் பிடித்தோம் என்பது நினைவில் இருக்கும்போதே திருத்தலாம். நூர்பர்க்ரிங்கில் ஒரு வளைவில் கோட்டை விட்டால், அதைச் சரிசெய்ய இன்னொரு 30 யூரோவும் நடுவில் எழுபத்திரண்டு வளைவுகளும். சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள், அவர்கள் யாராவது கிடைத்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டவிடும் நாள்) நடத்துகிறவர்கள் பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் வெட்கப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

மச்சினன் திரும்பிப்போய் எல்லோரிடமும் மாமா 200இல் ஓட்டினார் என்று சொல்லிவைத்திருக்கிறான். பள்ளத்தில் 190ஐக்கூடத் தொட்டிருக்காது. அவன் அக்காவிடம் மட்டும் வேறு ஏதோ சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது, ஏனென்றால் அடுத்த சீசனுக்கு முன் டிஸ்க் மாற்ற வேண்டும், நானூறு யூரோ ஆகும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "பேடும் சேர்த்தே மாத்திடுங்க" என்றாள்.